சிலுப்பியின் சிவப்பு நூலைத் திருடியது யார்?

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி மெத்தை தைத்தாள். எந்தக் காடு என்று என்னைக் கேட்காதீர்கள், குழந்தைகளே. சொன்னால் நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே மெத்தையும் இல்லை, முள்ளம்பன்றியும் இல்லை என்பீர்கள். மலையடிவாரத்தில் ஒரு பாறை, பாறைக்கு அடியில் ஒரு வளை. உங்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த வளையில் இருந்தவள் பெயர் சிலுப்பி. கெட்டிக்காரி, உழைப்பாளி. ஒரே ஒரு கோளாறு, யாரையும் நம்பமாட்டாள். காலையில் சூரியன் கொஞ்சம் முன்னாலே வந்துவிட்டால்கூட, "இவன் எதற்கு இத்தனை அவசரமாக வருகிறான்?" என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அவள் கணவன் கொறியன். கிழங்கு தின்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன்.

சிலுப்பிக்குப் பௌர்ணமியன்று குட்டி பிறக்கவிருந்தது. முள்ளம்பன்றிக் குட்டியின் முள் தளிர்போல மெத்தென்று இருக்கும். தாயின் முள்ளைத் தொட்டால்தான் ரத்தம் வரும். போன வருடம் பிறந்த குட்டியை அவள் அருகில் போட்டுக்கொள்ளவே இல்லை. தூக்கத்தில் புரண்டுவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, வளையின் மறுகோடியில் தனியே படுக்கவைத்தாள். அது பனிக்காலம் முழுவதும் தும்மியது. இங்கே இவள் தூங்காமல் அந்தத் தும்மலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அப்படி ஆகக்கூடாது. கனமாக ஒரு மெத்தை தைத்துத் தன் முதுகுக்கும் குட்டிக்கும் நடுவே போட்டுவிட்டால், ஒட்டிப் படுக்கலாம். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் சுனையில் முழுகிவிட்டுப் பழைய துணியை அங்கேயே விட்டுப் போவார்கள் அல்லவா? அதையெல்லாம் பொறுக்கி வந்தாள். கட்டம் போட்ட லுங்கி ஒன்று, பாதிக் காவி வேட்டி, ஒரு பச்சைத் துண்டு, யாரோ ஒரு சிறுமியின் பூப்போட்ட பாவாடை. ஒட்டுப்போட்டு இரண்டு விரிப்பாக்கினாள். நடுவில் இலவம்பஞ்சைத் திணித்தாள். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்க, குறுக்கே இருபத்திரண்டு வரி ஓட்டுத்தையல் போடவேண்டும். அதுதான் பெரிய வேலை.

நூலுக்குக் காட்டுப்பருத்தியைத் திரித்து, வேங்கைமரத்தின் சிவப்புப் பாலில் நனைத்து எடுத்தாள். சிவப்பு எதற்கு? திருடு போனால் அடையாளம் காட்டத்தான்.

ஊசிக்கு அவள் எங்கும் போகவேண்டியதில்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, தடித்த முனையில் ஒரு காது குடைந்தால் ஊசி.

இரண்டு பழக்கம் மட்டும் அவளிடம் இருந்தது. ஒன்று, முடிச்சுப் போடமாட்டாள். வரிக்கு ஒரு முடிச்சு என்றால் பொழுது போய்விடும், எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்பாள். மற்றொன்று, தையலின் நடுவே எழ நேர்ந்தால் ஊசியைக் கீழே வைக்கமாட்டாள். வைத்தால் யாராவது எடுத்துப் போய்விட்டால்? அதனால் நூல் கோத்தபடியே அதைத் தன் முதுகில் செருகிக்கொள்வாள். ஆயிரம் முள்ளுக்கு நடுவே ஒரு முள்ளை எந்தத் திருடன் கண்டுபிடிப்பான்?

அவளாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது வேறு விஷயம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் புதிதாக ஒன்றைப் பிடுங்கிக்கொள்வாள்.

சிரிக்காதீர்கள். கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

முதல் நாள் உச்சிவேளைக்குள் ஆறு வரி முடித்துவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து கொறியன் குரல் கொடுத்தான்.

"சிலுப்பி, நேற்று வைத்த கிழங்கு எங்கே?"

"உங்கள் காலடியில்தான் இருக்கும், பாருங்கள்."

"காலடியில் இல்லையே."

ஊசியை முதுகில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அவன் கிழங்கின் மேலேயே உட்கார்ந்திருந்தான். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், மெத்தையில் ஐந்து வரிதான் இருந்தது.

எண்ணியது தப்பாக இருக்கும் என்று நினைத்துத் தொடர்ந்து தைத்தாள்.

சற்றுநேரத்தில் வாசலில் முயல் துள்ளாயி வந்து நின்றாள். அவளுக்குப் பதினொரு குட்டிகள். நாள் முழுவதும் அவற்றை எண்ணிக்கொண்டே இருப்பாள். எண்ணாத நேரத்தில் மற்றதை எண்ணுவாள். இத்தனை பெற்றவள் என்பதால், அந்தக் காட்டில் யாருக்குப் பிரசவம் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"சிலுப்பி அக்கா, பத்துதான் இருக்கிறது. ஒன்று எந்தக் குழியில் விழுந்ததோ, உன் நகத்தால் கொஞ்சம் தோண்டிக் கொடு" என்றாள்.

சிலுப்பி போனாள். காரைச்செடிப் புதரைத் தாண்டி முயலின் வீட்டுப் பக்கம் மூன்று இடத்தில் தோண்டினாள். பதினோராவது குட்டி தாயின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து புல் தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் மூன்று வரி.

பிறகு குரங்கு தொத்தன் பாறைமேல் உட்கார்ந்து அத்திப்பழம் தின்று, ஒவ்வொரு காம்பாக அவள் வளைக்குள் போட்டான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. சிலுப்பி சீறிக்கொண்டு எழுந்து, அத்திமரம்வரை அவனைத் துரத்திவிட்டு வந்தாள். வீட்டில் ஒரு வரிதான் மிச்சம். அதுவும் பாதி.

அவள் தைத்துத் தைத்துக் குனிந்த கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். வளைக்குள் யாரும் இல்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். ஒரு நாள் காயப்போட்ட பஞ்சு பறக்கிறது என்று எழுந்தாள். ஒரு நாள் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்று எழுந்தாள். கூப்பிட்டது யார் என்று பார்க்கச் சுனைவரை போனாள். யாரும் கூப்பிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள இன்னொருமுறை போனாள். பகலெல்லாம் தைத்த எட்டு வரி, பத்து வரி, பொழுது சாய்கையில் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். ஆறு நாள் போயிற்று.

சிலுப்பி யோசித்தாள். சந்தேகப்படுகிறவர்களுக்கு யோசனை மிகவும் நன்றாக வரும்.

அவள் வீட்டில் இருக்கும்போது ஒரு தையல்கூடக் குறைவதில்லை. வெளியே போனால்தான் குறைகிறது. அவளை வெளியே கூப்பிடுவது யார்? துள்ளாயி. துரத்தவைப்பது யார்? தொத்தன். காட்டில் இத்தனை பேருக்கு நகம் இருக்க, தோண்டுவதற்கு அவள்தான் வேண்டுமா? தொலையாத குட்டியைத் தொலைந்தது என்று சொன்னாளே, ஏன்? அவள் கூப்பிடுகிறாள், இவன் உருவுகிறான். இரண்டு பேரும் கூட்டு.

அன்று சாயங்காலம் ஓசைப்படாமல் துள்ளாயி வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தாள். காரைச்செடியின் முள்ளில் ஒரு முழம் சிவப்பு நூல் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. அத்திமரத்தடிக்குப் போனாள். வேரில் சுற்றிக்கொண்டு இன்னொரு முழம். சுனைக்கரையில் ஒரு சாண்.

சிலுப்பியின் முள் அத்தனையும் எழுந்து நின்றது. சிவப்புச் சாயம் போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அந்த நூலை எடுக்கவில்லை. சாட்சி கலையக்கூடாது அல்லவா?

மறுநாள் பொறிவைத்தாள். சுனையிலிருந்து சன்னமான மணலை அள்ளி வந்து வாசலில் பரப்பினாள். திருடன் வந்தால் காலடி விழும். பிறகு மெத்தையில் சத்தமாகப் பாட்டுப் பாடி நான்கு வரி தைத்தாள். ஊசியை முதுகில் செருகினாள். சும்மா உலாவப் போவதுபோலப் போய், ஒரு புதரைச் சுற்றிவிட்டு வந்தாள்.

மெத்தையில் ஒன்றும் இல்லை. மணலில் அவளுடைய காலடி மட்டும் இருந்தது. காலடிக்கு நடுவே, ஒல்லியாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அவள் குனிந்து அந்தக் கோட்டை மோந்து பார்த்தாள். எழுந்து சுற்றிவந்து பார்த்தாள். அப்படிச் சுற்றியதில் இன்னொரு கோடும் விழுந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அட கள்ளா. என் காலடியிலேயே கால் வைத்து நடந்திருக்கிறாய். வாலைத் தூக்கிக்கொள்ளத்தான் மறந்துவிட்டாய்."

வால் யாருக்கு இருக்கிறது? தொத்தனுக்கு.

ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். கொறியனைக் கூப்பிட்டு மெத்தையின் மேலேயே உட்காரவைத்தாள். கிழங்கு கண்ணில் பட்டாலும் எழக்கூடாது, தான் வரும்வரை அசையக்கூடாது என்று சொல்லி, இன்னும் ஐந்து வரி தைத்துக் காட்டி, எண்ணச்சொல்லி, ஊசியைச் செருகிக்கொண்டு வெளியே போனாள். சுனைவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கொறியன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"யார் வந்தது?" என்று கேட்டாள்.

"யாரும் வரவில்லை."

"ஒருவர்கூடவா?"

"ஒரு ஈகூட வரவில்லை, சிலுப்பி."

அவனை எழுப்பிப் பார்த்தாள். மெத்தை மொட்டையாக இருந்தது.

"பிறகு ஏன் சிரித்தீர்கள்?"

"கீழே என்னவோ ஊர்ந்தது. கூச்சமாக இருந்தது" என்றான் கொறியன்.

சிலுப்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். யாரும் வரவில்லை, நூல் போயிருக்கிறது, உட்கார்ந்திருந்தவன் சிரிக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்? கூட்டில் மூன்றாவது ஆளும் கிடைத்துவிட்டான். அன்றிலிருந்து கொறியனுக்குப் படுக்கை வளைக்கு வெளியே. அவன் கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கல்லோரம் படுத்தான்.

இப்படியே பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது.

அன்று காலை துள்ளாயி தானாகவே வந்தாள். கையில் இளம் அறுகம்புல் கட்டு இருந்தது. நாள் நெருங்கிவிட்டதே, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். பேச்சுவாக்கில் அவள் கண் மெத்தையின் பக்கம் போயிற்று. இரண்டு வரிதானா இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். பாவம், எண்ணுவது அவள் பழக்கம்.

சிலுப்பி அறுகம்புல்லைத் தள்ளி வைத்தாள்.

"எண்ணிக்கை சரியாக வைத்திருக்கிறாய், துள்ளாயி. இன்றைக்கு எத்தனை உருவலாம் என்று கணக்குப் பார்க்க வந்தாயா?"

"என்ன அக்கா சொல்கிறாய்?"

"உன் வீட்டுக் காரைச்செடியைப் போய்க் கேள், அது சொல்லும்."

துள்ளாயியின் காது இரண்டும் தொங்கிப்போயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பதினொன்று பெற்றவள் நான். உன் குட்டியைப் பன்னிரண்டாவதாக எண்ணி வைத்திருந்தேன். இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன், அக்கா. வேறு ஆள் பார்த்துக்கொள்."

அவள் போய்விட்டாள். மறுநாள் பௌர்ணமி. மெத்தை இல்லை, துணைக்கு முயல் இல்லை, கணவன் வெளியே. வயிற்றில் குட்டி ஒரு உதை உதைத்தது. சிலுப்பிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பயம் வந்ததும் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. பஞ்சாயத்து வைத்துத் திருடர்களைப் பிடித்து நூலைக் கக்கவைத்தால்தான் உண்டு என்று முடிவுசெய்தாள்.

அந்தக் காட்டில் நியாயம் சொல்லுகிறவர் கரடியார். அவர் தூங்குவதில் பேர்போனவர். ஒரு வழக்கைக் கேட்க ஆரம்பித்து இடையில் தூங்கி, எழுந்து பார்த்தபோது வாதிக்கும் பிரதிவாதிக்கும் பேரப்பிள்ளைகளே பிறந்திருந்தார்கள் என்று சொல்லுவார்கள். நான் பார்க்கவில்லை.

பௌர்ணமியன்று காலை பாறைச்சரிவில் எல்லாரும் கூடினார்கள். ஆமையாரைத் தவிர. அவருக்கும் சொல்லியனுப்பியிருந்தது, வந்துகொண்டிருப்பார் என்றார்கள். ஆமையார் எப்போதும் வந்துகொண்டுதான் இருப்பார்.

கரடியார் கண் விழிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று சிலுப்பி நடுவில் மெத்தையை விரித்து வைத்துக்கொண்டு வேகவேகமாகத் தைத்தாள். பதினொரு வரி ஆயிற்று. அப்போது கரடியார் ஒரு கொட்டாவி விட்டு, "சரி, யார்மேல் என்ன பிராது, சொல்லம்மா" என்றார்.

சிலுப்பி ஊசியை முதுகில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, இந்தக் கூட்டத்தில் திருடர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் காட்டுகிறேன்" என்றாள்.

முதலில் தொத்தனிடம் போனாள். அவனை ஒரு முழுச் சுற்று சுற்றிவந்து மேலும் கீழும் பார்த்தாள். அவள் முதுகு தன் பக்கம் வந்தபோது தொத்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முள்ளம்பன்றி முதுகு திரும்பினால் யாராக இருந்தாலும் கண்ணைத்தானே காப்பாற்றிக்கொள்வார்கள்? அந்தக் காட்டில் அவள் பின்னால் நின்றவர்களோ நடந்தவர்களோ அதுவரை ஒருவரும் இல்லை. மணலில் கண்ட கோடு தொத்தனுடைய வால்தான் என்று சொல்லி முடித்தாள்.

அடுத்துக் கொறியன். அவனையும் ஒரு சுற்று. எதற்காகச் சிரித்தான் என்று அவனையே சொல்லச்சொன்னாள். அவன் மறுபடியும் கூச்சம் என்றான். கூட்டம் சிரித்தது. சிரித்த நான்கைந்து பேரையும் சிலுப்பி சுற்றிவந்து முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். கரடியார் தலை ஆடுகிறதே, தூங்குகிறாரா, அல்லது திருடர்களுக்குத் தலையாட்டுகிறாரா என்று தோன்றவே, அவரையும் ஒரு சுற்று சுற்றினாள்.

கடைசியில் துள்ளாயியிடம் வந்தாள். முயலுக்குக் கண் மூடுகிற வழக்கம் கிடையாது. துள்ளாயி அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, மெத்தையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

"ஏழு," என்றாள் துள்ளாயி.

"என்ன ஏழு?"

"பேசு அக்கா, பேசு. நடந்துகொண்டே பேசு."

சிலுப்பிக்கு ஆத்திரம் வந்தது. இவளுக்கு இத்தனை கொழுப்பா என்று சொல்லிக்கொண்டே அவளைச் சுற்ற ஆரம்பித்தாள். காரைச்செடியில் ஆடிய நூலைப் பற்றிச் சொன்னாள். தொலையாத பதினோராவது குட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"ஆறு," என்றாள் துள்ளாயி. "ஐந்து."

இப்போது கூட்டம் முழுவதும் மெத்தையைப் பார்த்தது. கட்டம் போட்ட லுங்கிமேல் ஓடிய சிவப்புத் தையல், தானாக, வாலை உருவிக்கொள்ளும் பாம்புபோல, சரசரவென்று துணியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்தில்கூட ஒருவரும் இல்லை.

"நான்கு," என்றது கூட்டம் மெதுவாக.

கரடியாருக்கு முதுகு அரித்தது. சொறியக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. குனிந்து பார்த்தார். அவர் வயிற்றைச் சுற்றிச் சிவப்பு நூல். அங்கிருந்து தொத்தன் கழுத்துக்கு, தொத்தனிடமிருந்து கொறியன் காலுக்கு, கொறியனிடமிருந்து சிரித்தவர்கள் எல்லாருக்கும். பஞ்சாயத்தே ஒரு பூச்சரம்போலக் கட்டிக் கிடந்தது.

"அம்மா சிலுப்பி, கொஞ்சம் நில்லு" என்றார் கரடியார். "இந்த நூலின் மறுமுனை எங்கே இருக்கிறது?"

துள்ளாயி எழுந்து, முள்ளுக்குப் பயப்படாமல் சிலுப்பியின் பின்னால் போய் நின்றாள். ஒரு ஊசியைப் பிடுங்கிக் காட்டினாள். நூல் அதன் காதில் கோத்தபடி இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினாள், அதிலும் ஒரு துண்டுச் சிவப்பு. இன்னொன்று. துள்ளாயிக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? இருபத்தேழு ஊசி எடுத்தாள்.

சிலுப்பி மெத்தையைப் பார்த்தாள். அதில் மூன்று வரி மிச்சம் இருந்தது. ஊசிகளைப் பார்த்தாள். மணலில் இழுத்துப் போன கோடு அவள் கண்முன் வந்தது. கல்லோரம் படுத்துக் கிடந்த கொறியனும் தள்ளி வைத்த அறுகம்புல்லும் வந்தன.

அவளுடைய முள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. முள் படுத்த முள்ளம்பன்றியை அதற்குமுன் அந்தக் காடு பார்த்ததில்லை. ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சரிவின் கீழே ஆமையார் தலை தெரிந்தது. முதுகில் பூசணிக்காய் அளவு ஒரு சிவப்பு நூலுருண்டை.

"தாமதம் ஆகிவிட்டது, மன்னிக்கவேண்டும்" என்றார். "பத்து நாளைக்கு முன்பு வழியில் ஒரு நூல் கிடந்தது. யாருடையதோ, பாவம், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று சுருட்டிக்கொண்டே வந்தேன். அது சுனைக்குப் போகிறது, அத்திமரத்துக்குப் போகிறது, முயல் வீட்டுக்குப் போகிறது. எங்கே போனாலும் திரும்ப இந்தப் பாறைக்கே வருகிறது. இடையில் நாற்பது இடத்தில் அறுந்திருந்தது. நானே முடிச்சுப் போட்டுவிட்டேன். இது யாருடையது?"

சிலுப்பி வாயைத் திறந்தாள். "என்னுடையது" என்றாள். பிறகு துள்ளாயியின் பக்கம் திரும்பினாள். முதுகை அல்ல, முகத்தைத் திருப்பினாள்.

"துள்ளாயி, திருடி நான்தான். என் நூலை நானே திருடி உங்கள் எல்லார் வீட்டிலும் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். நீ என் வாசல் மிதிக்கவேண்டாம். என் குட்டியைப் பன்னிரண்டாவதாக எண்ணியதை மட்டும் அழித்துவிடாதே."

துள்ளாயி மெத்தையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, மூன்று வரியின் முனையிலும் மூன்று முடிச்சுப் போட்டாள். பிறகுதான் பேசினாள்.

"இன்னும் பத்தொன்பது வரி இருக்கிறது. நிலா எழுவதற்குள் முடியவேண்டும். நின்று அழாதே, அக்கா, உட்கார். ஊசி உன்னிடம் நிறைய இருக்கிறது."

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? எல்லாரையும்தான் கட்டிப் போட்டிருக்கிறதே, எங்கே போவார்கள்? கட்டை அவிழ்க்கப் பொழுதாகும், அதுவரைக்கும் தையுங்கள் என்று கரடியார் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். ஆளுக்கு ஒரு ஊசி கிடைத்தது. தொத்தன் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் நான்கு வரி ஒரே சமயத்தில் தைத்தான். கொறியன் ஒரு வரி தைத்தான், வழியில் ஒரு கிழங்கையும் சேர்த்துத் தைத்துவிட்டான். அந்த இடம் மட்டும் கடைசிவரை ஒரு கட்டியாகவே இருந்தது. ஆமையார் ஒரே ஒரு தையல் போட்டார். அதைப் போட்டு முடிக்கும்போது நிலா எழுந்துவிட்டது.

துள்ளாயி எல்லாரையும் அவிழ்த்து விரட்டிவிட்டுச் சிலுப்பியோடு வளைக்குள் போனாள். குட்டி பிறந்தது. அன்றிரவு அது மெத்தைக்கு இந்தப் பக்கமும் தாய் அந்தப் பக்கமுமாக ஒட்டிப் படுத்துத் தூங்கினார்கள். ஒரு தும்மல்கூட இல்லை.

விடிந்ததும் சிலுப்பி மெத்தையைப் பார்த்தாள். இருபத்தொரு வரி.

அவள் முள் விர்ரென்று எழுந்தது. வாசலைப் பார்த்தாள். அங்கே, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு கொறியன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் அறுகம்புல் கட்டோடு துள்ளாயி. அத்திமரக் கிளையில் தொத்தனின் வால் தொங்கியது.

சிலுப்பி முதலில் தன் முதுகைத் தடவிப் பார்த்தாள். நூல் இல்லை. பிறகு மெத்தையின் அடியில் கையை விட்டுத் தேடினாள். அங்கேயும் இல்லை.

கடைசியில் குட்டியைத் தூக்கினாள். அது கண்ணைத் திறக்காமலே எதையோ மும்முரமாகச் சப்பிக்கொண்டிருந்தது. கடைவாயில் ஒரு முழம் சிவப்பு நூல் தொங்கியது.

சிலுப்பி அதை மெல்ல உருவி எடுத்தாள். வாசலில் துள்ளாயி, "அக்கா, ஒரு நிமிஷம் இங்கே வா" என்றாள்.

"இரு, துள்ளாயி," என்றாள் சிலுப்பி. "முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறேன்."

நீதி: கையிலுள்ள வேலைக்கு முடிச்சுப் போடாமல் எழுந்து போகிறவர், வழியில் இருப்பவர்களையெல்லாம் திருடர்களாக்கிவிடுவார்.